1,350 ரூபாய் என்டி ஃபில்டரோடு தடா அருவிக்குப் போன கதை

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கும் சின்ன கேமரா கடையில் 58 மி.மீ. வேரியபிள் என்டி ஃபில்டர் வாங்கினேன். லென்ஸ் முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி இது, ரிங்கைத் திருப்பினால் இருட்டு கூடும், ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்து ஓடும் தண்ணீரை வழவழவென்று எடுக்கலாம். என்டி2 முதல் 400 வரை (வெளிச்சத்தைப் பாதியிலிருந்து நானூறில் ஒரு பங்கு வரை குறைக்கும்) என்று டப்பாவில் போட்டிருக்கிறது, விலை 1,350. பெரிய பிராண்ட் எல்லாம் இல்லை. கடைக்காரர் பொறுமையான ஆள், "உங்க லென்ஸ்லயே மாட்டிப் பாருங்க சார்" என்று டியூப்லைட் பக்கம் பிடிக்கச் சொன்னார், குறை எதுவும் தெரியவில்லை. மறுநாள் விடியற்காலை காசிமேட்டில் அலை அடிக்கிற பாறைகளை எடுத்தபோதும் தெரியவில்லை, ஆனால் அந்த இருட்டில் ரிங்கைப் பாதிகூடத் திருப்பவில்லையே!

தடாவில்தான் வண்டவாளம் தெரிந்தது. கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திராவுக்குள் பைக்கில் போனேன். ஞாயிற்றுக்கிழமை போனால் தண்ணீரைவிடத் தலைகள்தான் படத்தில் விழும், அதனால் செவ்வாய்க்கிழமை லீவு. டிசம்பர், மழை ஓய்ந்து அருவி மெல்லிசாக, சத்தமே இல்லாமல் வழிந்துகொண்டிருந்தது. டிரைபாடை ஓடையிலேயே நிறுத்தி, ஃபோகஸ் பிடித்து மேனுவலில் பூட்டிவிட்டு, 18 மி.மீ.யில் ரிங்கைக் கடைசிவரை திருப்பினால் படத்துக்கு நடுவில் பெருக்கல் குறி மாதிரி கறுப்புப் பட்டை. உள்ளே இருப்பது ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போலரைசர் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் கண்ணாடி) என்பதால் அகலமான கோணத்தில் இது வரும், விலை கூடிய சரக்கிலும் வரும், ஆனால் இதில் சீக்கிரமே வந்துவிடுகிறது. 35 மி.மீ.க்கு ஜூம் செய்தால் போய்விட்டது.

அப்புறம் பார்த்தால் அவ்வளவு இருட்டு தேவையே இல்லை. நிழலில் ஐஎஸ்ஓ 100, எஃப்11, ஃபில்டர் இல்லாமல் ஷட்டர் 1/15 விநாடி வந்தது. மூன்று ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும்) குறைத்தால் அரை விநாடி. அந்த அரை விநாடியில் தண்ணீர் நூல் நூலாக, பாறையின் பச்சைப் பாசிமேல் பிரிந்து இறங்குவது அப்படியே விழுந்தது. நான்கு விநாடி வைத்தேன், வெறும் புகை. கொட்டுகிற பெரிய அருவிக்கு அது அழகு, இந்தக் கசிவுக்கு இல்லை.

லேசான மஞ்சள் அடிக்கிறது, ரா (கேமரா பதப்படுத்தாத மூல ஃபைல்) வடிவில் எடுத்தால் சரி செய்துகொள்ளலாம். ரிங்குக்குள் மணல் போய் கரகரவென்கிறது, அதுதான் கடுப்பு. கொடுத்த காசுக்கு மோசமில்லை, 5க்கு 3 கொடுப்பேன். கடைக்காரரிடம் ரிங் இல்லாமல் மூன்று ஸ்டாப் மட்டும் குறைக்கிற சாதா என்டி8 ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்.