பூத் ஜொலோக்கியா என்று விற்கப்பட்ட விதை: குளிர் நாடுகளில் மிளகாய் வளர்ப்போர் கவனத்துக்கு

ஸ்காட்லாந்திலும் வடக்கு இங்கிலாந்திலும் வீட்டில் மிளகாய் வளர்க்கும் நம்மவர்கள் பெரும்பாலும் டிசம்பரில்தான் இணையத்தில் விதை தேடுகிறார்கள். அந்த நேரத்தில் வேறு விதையை அரிய வகையின் பெயரில் விற்பவர்களும் இருக்கிறார்கள். நான் அபர்டீனில் வசிக்கிறேன். இணையச் சந்தை ஒன்றில் கடை நடத்தும் ஒருவரிடம் பூத் ஜொலோக்கியா விதை வாங்கி, ஒரு பருவம் முழுவதையும் இழந்தேன்.

விதையின் விலை சிறியது. இழப்பு அதில் இல்லை. 2007-இல் உலகின் மிகக் காரமான மிளகாயாகக் கின்னஸ் பதிவு பெற்ற இந்த வடகிழக்கு இந்திய வகை முளைப்பதற்கே மண் 25 முதல் 30 டிகிரி வரை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், முளை வரவும் பல வாரங்கள் ஆகலாம். காய் பழுக்க நீண்ட காலம் பிடிப்பதால் ஜனவரியிலேயே விதைத்து, வெப்பத் தட்டின் மேல் முளைக்க வைத்து, பகல் மிகக் குறுகிய அந்த மாதங்களில் எல்இடி விளக்கின் கீழ் நாற்றுகளை வளர்த்து, உறைபனி அச்சம் நீங்கும் மே இறுதிவரை வீட்டுக்குள்ளேயே காக்க வேண்டியிருக்கிறது. விதை தவறானது என்று தெரியவரும்போது மறுபடி விதைக்கக் காலம் இருக்காது. சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர் அடுத்த மாதமே மீண்டும் விதைத்துவிடலாம். இங்கே அடுத்த ஜனவரிவரை காத்திருக்க வேண்டும்.

மே மாதத்தில் முதல் பூக்கள் விரிந்தபோதே ஐயம் எழுந்தது. பூத் ஜொலோக்கியாவில் காப்சிகம் சைனென்ஸ் இனத்தின் இயல்புகளே மேலோங்கியிருக்கும்: ஒரே கணுவில் இரண்டு மூன்று பூக்கள் தோன்றும், இதழ்களில் மெல்லிய பச்சைச் சாயல் இருக்கும். என் செடிகளிலோ கணுவுக்கு ஒன்றாகத் தூய வெள்ளைப் பூக்கள் நின்றன. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் நீள மிளகாயின் இனமான காப்சிகம் ஆன்னுவத்தின் அடையாளம் அது. படங்களுடன் விற்பனையாளருக்கு எழுதினேன். பூவை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது, காய் வரட்டும், தவறென்றால் பணம் நிச்சயம் திரும்பும் என்று மிகவும் கனிவாகப் பதில் வந்தது. அந்தக் கனிவு காலம் கடத்தும் உத்தி என்பதே என் உறுதியான கருத்து.

ஆகஸ்டில் வழவழப்பான, விரல் நீளக் காய்கள் பழுத்தன. காரம் நம் வீட்டுக் குழம்பு மிளகாய் அளவுக்குக்கூட இல்லை. இப்போது இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டன. குளிரால் காயின் வடிவம் மாறிவிட்டது என்பது முதலாவது. குளிர் பூக்களை உதிர்க்கும். இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பிஞ்சு பிடிப்பதும் குறையும். ஆனால் கரடுமுரடான தோலுடைய ஒரு வகையை அது வழவழப்பான வேறோர் இனமாக மாற்றிவிடாது. அருகிலிருந்த வேறு மிளகாயின் மகரந்தம் கலந்துவிட்டது என்பது இரண்டாவது காரணம். பலரும் நம்பிவிடுவது இதைத்தான். காயின் சுவரும், காரம் ஊறும் உள்ளிருக்கும் வெண்தசையும் தாய்ச்செடியின் பகுதிகளே. இந்த ஆண்டு நேரும் கலப்பு உள்ளேயுள்ள விதைகளில் சேர்ந்து, அவற்றை விதைத்தால் மட்டுமே வெளிப்படும். ஆகவே கலப்பு உண்மையாகவே நடந்திருந்தால், அது விதையை உருவாக்கியவரின் தோட்டத்தில், நான் வாங்குவதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். இதை விளக்கி எழுதியதற்குப் பதிலே இல்லை.

பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, விற்கும் பொருள் விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும். முதல் ஆறு மாதங்களுக்குள் புகார் செய்தால், குறை தம்முடையதல்ல என்று நிறுவும் பொறுப்பு விற்றவருடையது. அதன் பின் நாம் நிறுவ வேண்டும். டிசம்பரில் வாங்கியவருக்கு அந்த ஆறு மாதம் ஜூனில் முடிகிறது, காய் வருவதோ ஆகஸ்டில். அட்டைப் பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்கும் காலம் பெரும்பாலும் 120 நாள்தான், அது பூக்கும் முன்பே போய்விடும். ஆதலால் பூ விரிந்தவுடன் படம் எடுத்து, காய்க்காகக் காத்திருக்காமல், எழுத்து மூலம் முறையான கோரிக்கையை அனுப்பிவிடுங்கள்.

வாங்கும் முன்பே தெரியும் அடையாளங்களும் உண்டு. 2023-இல் கின்னஸ் பதிவு பெற்ற பெப்பர் எக்ஸ் வகையின் விதையை அதை உருவாக்கியவர் பொது விற்பனைக்கு விடவில்லை. அப்பெயரில் விதை விற்கும் கடையில் வேறு எதையும் வாங்க வேண்டாம். வான நீலத்தில் மின்னும் மிளகாய்ப் படங்களும் பொய். வெளிநாட்டிலிருந்து பிரிட்டனுக்கு வரும் மிளகாய் விதைக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கட்டாயம், ஏனெனில் விதை வழியாக வைரஸ் நோய்கள் பரவும். எனக்கு வந்த வெற்றுக் காகித உறையில் சான்றும் இல்லை, தாவரப் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. குளிரைத் தாங்கும் ஆண்டிய மலை மிளகாயான ரொகோட்டோவை விரும்புவோருக்கு ஒரு வசதி இருக்கிறது: அதன் விதை கருநிறமானது, வெளிர் மஞ்சள் விதை வந்தால் அன்றே திருப்பி அனுப்பலாம்.

இதே நிலை உங்களுக்கு நேர்ந்திருந்தால் உறையையும் தேதியிட்ட படங்களையும் பத்திரப்படுத்துங்கள். ஸ்காட்லாந்தில் அட்வைஸ் டைரக்ட் ஸ்காட்லாந்தும், இங்கிலாந்தில் சிட்டிசன்ஸ் அட்வைஸும் இத்தகைய புகார்களுக்கு வழிகாட்டுகின்றன. என் புகாரை அளித்துவிட்டேன்.