ஷீல்டட் கேபிள் மூணு தினுசு வாங்கி ஓட்டிப் பாத்தாச்சு

அம்பத்தூர் எஸ்டேட்ல நம்மளோடது சின்ன காயில் வைண்டிங் பட்டறை. பழைய மெஷினுக்கு 2 ஹெச்பி மோட்டாரும், அதோட வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரைவும் போட்டதுல இருந்து ஒரே தலைவலி. 500 சுத்து செட் பண்ணா கவுன்ட்டர் 500ன்னு காட்டி நிக்குது, காயிலைப் பிரிச்சு எண்ணினா 493 தான் இருக்கு. டிரைவை ஆஃப் பண்ணிட்டு கையால சுத்தினா கரெக்டா எண்ணுது. டிரைவ்ல இருந்து மோட்டாருக்கு போற கரன்ட்டு வீட்டு கரன்ட்டு மாதிரி வழவழன்னு போறதில்ல, செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டிப் போகுது, அந்த வெட்டு பக்கத்துல ஓடுற என்கோடர் (சுத்தை பல்ஸா மாத்தி கவுன்ட்டருக்கு அனுப்புற சென்சார்) ஒயர்ல ஏறி, அதையும் ஒரு பல்ஸுன்னு கவுன்ட்டர் எண்ணித் தொலைக்குது.

இதைத் தடுக்கத்தான் ஷீல்டு, அதாவது ஒயரைச் சுத்தி உலோகப் போர்வை போட்ட கேபிள். முதல்ல ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடையில ஃபாயில் ஷீல்டு கேபிள் வாங்கினேன். "நூறு பர்சன்ட் கவரிங் சார்"னு குடுத்தாங்க. பொய் சொல்லல, பாலியஸ்டர் பிலிம்ல அலுமினியம் ஒட்டி சுத்தினது, இடைவெளியே இல்லாம மூடியிருக்கும், கூடவே ஃபாயிலைத் தொட்டுக்கிட்டு டிரெயின் ஒயர்னு ஒரு வெறும் கம்பி ஓடும், அதை எர்த்துல மாட்டினா முடிஞ்சுது. விலையும் கம்மி, உரிக்கவும் ஈசி. மெஷினும் சரியாயிடுச்சு. நாலு மாசம்தான், மறுபடி 496, 494ன்னு ஆரம்பிச்சிடுச்சு. எங்க மெஷின்ல ஹெட்டே முன்ன பின்ன ஓடும், என்கோடர் கேபிளும் கூடவே மடங்கி நிமிரும். கழட்டி உறையைக் கிழிச்சுப் பாத்தா மடங்குற இடத்துல மட்டும் ஃபாயில் பழைய சாக்லேட் பேப்பர் மாதிரி தூள் தூளா கொட்டுது. இது கேபிளோட குத்தம் இல்ல, அசையுற இடத்துக்கு அதை வாங்கினது என் குத்தம்.

அப்புறம் சவுண்ட் சர்வீஸ் வச்சிருக்க மச்சான் மிச்சம் கிடந்த மைக் கேபிளைக் குடுத்தான். அதுல ஷீல்டு பின்னாம ஒரே பக்கமா சுத்தியிருக்கும். கைக்கு மெத்துன்னு நல்லாத்தான் இருக்கு, ஆனா வளைக்கும்போது இழை விலகி சந்து விழுது. மைக்குக்கு ஓகே, டிரைவ் பக்கத்துல வேண்டாம்.

பக்கத்து பட்டறைக்காரர் "ஆர்மர்டு போடுப்பா, அதுவும் கம்பி சுத்தினதுதானே"ன்னாரு. அண்ணே, அது கடப்பாரை பட்டா தாங்கறதுக்கு, அது வேற வேலை.

கடைசியா பின்னல் ஷீல்டுதான், பிரெய்டுன்னு கேட்டா குடுப்பாங்க. வெள்ளீயம் பூசின காப்பர் இழையை கூடை மாதிரி பின்னியிருக்கும். மீட்டருக்கு ஃபாயிலை விட ஏறக்குறைய டபுள் ரேட்டு. என்கோடருக்கு இதுலயே வளைஞ்சு ஓடுறதுக்குன்னு வர்ற ரகம் எடுத்தேன், மோட்டாருக்கு ஃபாயிலும் பிரெய்டும் சேந்தது. வாங்கும்போது ஒரு முனையை உரிச்சுக் காட்டச் சொல்லுங்க. எனக்கு முதல்ல காட்டினதுல உள்ள இருக்க ஒயரோட செவப்பு, நீலம் எல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சுது, வேண்டாம்னுட்டு நெருக்கமா பின்னினதைக் கேட்டு வாங்கினேன். இதோட பெரிய தொல்லை முனையை உரிச்சு டெர்மினல்ல மாட்டுறதுதான், இழை நகக்கண்ணுல குத்தும், ஒரு இழை டெர்மினல்ல விழுந்தாலும் ஷார்ட்டு.

கேபிளை மாத்தியும் முழுசா தீரல, அதை சொல்லியே ஆகணும். மோட்டார் கேபிளோட பிரெய்டை முறுக்கி வால் மாதிரி இழுத்து, முனையில லக் (வளையம் வச்ச உலோகத் துண்டு) அடிச்சு எர்த்துல மாட்டியிருந்தேன். டிரைவோட மேனுவலைப் பாத்தா அப்படிப் பண்ணாதேன்னு படமே போட்டிருக்கு. ரெண்டு முனையிலயும் பிரெய்டை சுத்தி முழுசா கடிக்கிற மாதிரி மெட்டல் கிளாம்ப் போட்டேன், என்கோடர் கேபிளை மோட்டார் கேபிளோட ஒட்டி ஓட விடாம தனி வழியா எடுத்தேன், குறுக்க போக வேண்டிய ஒரு இடத்துல மட்டும் நேர் செங்குத்தா தாண்ட விட்டேன். அன்னையில இருந்து 500ன்னா 500.

கேமரா, நெட்வொர்க்குக்கு வாங்குறவங்க பாக்ஸ்ல எஃப்/யூடிபி, எஸ்/எஃப்டிபின்னு போட்டிருக்கறதைப் பாத்துக்கங்க. ஸ்லாஷுக்கு முன்னாடி எழுத்து மொத்த கட்டுக்கும் இருக்க ஷீல்டு, பின்னாடி இருக்கறது உள்ள முறுக்கியிருக்க ஒவ்வொரு ஒயர் ஜோடிக்கும் (டிபின்னா அந்த முறுக்கின ஜோடி). எஃப்னா ஃபாயில், எஸ்னா பின்னல், யூன்னா ஒண்ணும் கிடையாது.

மிச்சம் இருந்த ஃபாயில் கேபிள் வீணாப் போகல. அடுப்புல இருந்து டெம்பரேச்சர் கன்ட்ரோலருக்கு வர்ற சென்சார் லைனுக்கு சுவத்தோட கிளிப் அடிச்சு விட்டிருக்கேன், ஷீல்டை பேனல் பக்கம் மட்டும் எர்த் பண்ணி. அசையாத இடத்துல அது ஜம்முன்னு இருக்கு.