"எந்த போனிலும் ஓடும் சார்": பொம்மை ரயிலுக்கு ப்ளூடூத் கருவி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

போனது 4,600 ரூபாய். குடி முழுகிப்போகிற தொகை இல்லைதான். ஆனால் ஏமாந்த விதத்தை நினைத்தால் இன்னும் எரிகிறது. மின்னணு சாமான்களோடு பழக்கமுள்ளவன் நான். எனக்கே இப்படியென்றால், பிள்ளை ஆசைப்பட்டது என்று வாங்கித் தரும் பெற்றோர் என்ன செய்வார்கள்? அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருச்சி பொன்மலை. அப்பா லோகோ பைலட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ரயில் பேச்சு இல்லாத நாள் கிடையாது. ஜெர்மனியில் இருக்கும் மச்சான் 2012-இல் ஊருக்கு வந்தபோது, பிளாஸ்டிக் கட்டைகளைப் பொருத்திக் கட்டும் லெகோ ரயில் ஒன்று கொண்டுவந்தார். 7938 என்ற எண்ணில் 2010-இல் வந்த பயணிகள் ரயில். எனக்கென்றுதான் வாங்கி வந்தார். பையன் அப்போது பிறக்கவே இல்லை. நான்கைந்து தடவை ஓட்டிவிட்டுப் பரணில் போட்டதை, போன கோடை விடுமுறையில் பையன் தோண்டி எடுத்துவிட்டான்.

அந்தக் காலத்து லெகோ ரயில்களில் 'பவர் ஃபங்ஷன்ஸ்' என்ற அமைப்பு இருந்தது. டிவி ரிமோட் மாதிரி அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்வது. ரிமோட்டை ரயிலின் தலையில் இருக்கும் கறுப்புக் கண்ணுக்கு நேராகக் காட்ட வேண்டும். கட்டிலுக்கு அடியில் ரயில் நுழைந்துவிட்டால் நாமும் தரையில் படுத்துக் காட்ட வேண்டும். வெயில் விழும் திண்ணையில் தண்டவாளம் போட்டால் அதுவும் எடுபடாது, சூரிய ஒளியே அந்தக் கதிரை மூழ்கடித்துவிடும். "அப்பா, போன்ல ஓட்ட முடியாதா?" என்று பையன் கேட்டதில்தான் வினை ஆரம்பித்தது.

முடியும். அதில் பொய் இல்லை. ஹங்கேரியில் வெங்கிட் என்ற நிறுவனம் 2014-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற தளத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டிச் செய்த 'எஸ்பிரிக்' என்ற கருவி இதற்காகவே வந்தது. பழைய கதிர் வாங்கியைக் கழற்றிவிட்டு, பேட்டரிப் பெட்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் இதைச் செருகிவிட்டால் போனிலிருந்து ப்ளூடூத்தில் ஓட்டலாம். நான்கு மோட்டார் வரை இணைக்கலாம். சுவரோ வெயிலோ கட்டிலோ பிரச்சினை இல்லை. லெகோவே 2018-இல் 'பவர்டு அப்' என்று ப்ளூடூத் அமைப்புக்கு மாறிவிட்டது. ஆனால் அதன் பிளக் வேறு, பழைய மோட்டாரில் நேராகச் சேராது. ஆக, 2010 ரயில் வைத்திருக்கிறவனுக்கு, மோட்டாரை மாற்றாமல் ஓட்ட எஸ்பிரிக் மாதிரி ஒன்றுதான் வழி.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா என்று பார்த்தேன். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரியை மத்திய அரசு 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தியிருந்தது. கருவியின் விலை, கப்பல் கூலி, வரி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டதும் கம்ப்யூட்டரை மூடிவிட்டேன். அந்தக் கணக்கை அன்றே ஞாபகம் வைத்திருக்க வேண்டும். வரியோடு சேர்த்தால் அவ்வளவு ஆகிற பொருளை ஒருவன் உள்ளூரில் பாதி விலைக்குத் தருகிறான் என்றால் என்ன அர்த்தம்? அப்போது அது தோன்றவில்லை. தள்ளுபடி என்றாலே புத்தி கொஞ்சம் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இரண்டாவது நாளே இன்ஸ்டாகிராமில் விளம்பரம் வந்து நின்றது. ஐரோப்பிய ஒரிஜினல், ப்ளூடூத், எந்த போனிலும் ஓடும், ஆறு மாத வாரண்டி. வாட்ஸாப்பில் கேட்டேன். "எஸ்பிரிக்தானா?" என்றதற்கு "அதேதான் சார், பாக்கெட் மட்டும் மாறியிருக்கு" என்று பதில். "பழைய பவர் ஃபங்ஷன்ஸ் மோட்டாருக்குச் சேருமா?" "சேரும் சார்." "ஐபோனில்?" "எந்த போனிலும் ஓடும் சார்." பேச்சு மரியாதையாக இருந்தது. கேஷ் ஆன் டெலிவரி கேட்டபோது மட்டும், "இது இம்போர்ட் அயிட்டம் சார், முன்பணம்தான்" என்றார். யூ.பி.ஐ-யில் அனுப்பினேன். பில் கேட்டேன், பார்சலோடு வரும் என்றார். வரவில்லை.

ஒன்பது நாளில் வந்தது கறுப்பு நிறத்தில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய டப்பா. பெயர் இல்லை, தயாரித்தவர் முகவரி இல்லை, ஐ.எஸ்.ஐ முத்திரை இல்லை. ஒரு கியூ.ஆர் குறியீடு ஒட்டியிருந்தது. அதைப் படம் பிடித்தால் பிளே ஸ்டோருக்குப் போகவில்லை. எங்கேயோ ஒரு தளத்திலிருந்து ஏ.பி.கே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு போனில் மட்டும் நிறுவக்கூடிய செயலிக் கோப்பு, இறங்கியது. ஐபோன் கதை அங்கேயே முடிந்தது. வீட்டுக்காரம்மாவின் ஐபோனில் ஏ.பி.கே-யை நிறுவவே முடியாது.

என் ஆண்ட்ராய்டில் நிறுவினேன். முதலில் இருப்பிட அனுமதி கேட்டது. அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆண்ட்ராய்டு 11 வரை, பக்கத்தில் இருக்கும் ப்ளூடூத் கருவியைத் தேட எந்தச் செயலியாக இருந்தாலும் இருப்பிட அனுமதி தேவை. 12-இலிருந்துதான் அதற்கென்று தனி அனுமதி வந்தது. இது தெரியாமல் நல்ல செயலியைக்கூடத் திட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் இது அதோடு நிற்கவில்லை. தொடர்பு எண்கள் கேட்டது. அப்புறம் குறுஞ்செய்தி கேட்டது. பொம்மை ரயிலை முன்னே பின்னே ஓட்ட என் வங்கி ஓ.டி.பி எதற்கு? மறுத்தேன். செயலி மூடிக்கொண்டது. மறுபடி திறந்தால் மறுபடி அதே கேள்வி. உடனே நீக்கிவிட்டு, சிம் இல்லாத பழைய போன் ஒன்றை முழுசாக அழித்து அதில் போட்டேன். கருவியைப் பார்க்காமல் விட மனம் வரவில்லை.

அதற்குள் இன்னொரு சோதனையும் செய்தேன். எஸ்பிரிக்கின் சொந்தச் செயலியில் தேடினால் இந்த டப்பா தென்படவே இல்லை. 'என்.ஆர்.எஃப் கனெக்ட்' என்று ஓர் இலவசச் செயலி இருக்கிறது. சுற்றியிருக்கும் ப்ளூடூத் கருவிகளையெல்லாம் பட்டியல் போட்டுக் காட்டும். அதில் பார்த்தால் வெறும் எண்களும் எழுத்துகளுமாக ஒரு பெயர். 'அதேதான் சார்' என்ற பேச்சு அங்கே பல் இளித்தது.

சரி, ஓடவாவது செய்கிறதா என்று அப்பா, பையன், நான் மூன்று பேரும் தண்டவாளத்தைச் சுற்றி உட்கார்ந்தோம். ஓடியது. எப்படி? பழைய ரிமோட்டில் முன்னுக்கு ஏழு படி, பின்னுக்கு ஏழு படி வேகம் உண்டு. இந்தச் செயலியின் திரையில் அழகான வேகமானி படம் இருக்கிறது, விரலால் நகர்த்தலாம், முள்ளும் நகர்கிறது. ரயிலுக்குத் தெரிந்தது இரண்டே வேகம்: நிற்பது, பிய்த்துக்கொண்டு பறப்பது. லெகோ வளைவுத் தண்டவாளம் 16 துண்டு சேர்ந்தால் ஒரு வட்டம், ஆரம் வெறும் 32 சென்டிமீட்டர்தான். அந்த வளைவில் முழு வேகத்தில் போன எஞ்சின் மூன்றாவது சுற்றில் சாய்ந்து, முகப்பு நாலாகப் பிரிந்தது. பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்து நடந்ததுதான் அப்பாவைக் கோபப்படுத்தியது. ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே போன் திரை அணைந்து தொடர்பு அறுந்தது. ரயில் நிற்கவில்லை. கடைசியாக வந்த கட்டளையைப் பிடித்துக்கொண்டு முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருந்தது; கையால் தூக்கித்தான் நிறுத்தினோம். உண்மையான எஞ்சினில் விழிப்புக் கருவி ஒன்று இருக்கும். ஓட்டுநர் ஒரு நிமிடம்போல எதையுமே தொடாமல் இருந்தால் விளக்கு எரியும், ஒலி எழும், அதற்கும் அசையவில்லை என்றால் பிரேக் தானாகப் போட்டுவிடும். "ஆள் இல்லேன்னா வண்டி நிக்கணும்டா, அதுதான் முதல் பாடம்" என்றார் அப்பா. எஸ்பிரிக்கில்கூட அப்படி ஒரு காவல் ஏற்பாடு உண்டு: போனிலிருந்து கட்டளை வருவது நின்றால் மோட்டாரும் நின்றுவிடும்.

பத்து நிமிடத்தில் டப்பா சுட்டது. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு மறுநாள் சிங்காரத்தோப்பில் செல்போன் சர்வீஸ் செய்யும் நண்பனிடம் கொண்டுபோனேன். பவர் ஃபங்ஷன்ஸ் ஒயரில் நான்கு கம்பி. ஓரத்து இரண்டும் பேட்டரியின் 9 வோல்ட்டை நேராகக் கொண்டுபோகும். நடு இரண்டும்தான் மோட்டாரைத் திருப்பும். திசையும் வேகமும் அந்த நடுக் கம்பிகளில் என்ன அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்தது. வேகத்தைக் குறைக்க மின்சாரத்தை நொடிக்குப் பல நூறு தடவை விட்டுவிட்டு அனுப்ப வேண்டும். நண்பன் அளந்து பார்த்தான். விட்டுவிட்டு எல்லாம் இல்லை, வேகமானி முள் எங்கே நின்றாலும் முழு வோல்ட்டேஜ்தான் போகிறது. மோட்டாரை ஓட்டும் சிப்பின் மேலிருந்த எழுத்தைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். "இது ஏதோ மலிவு கார் பொம்மையோட போர்டுடா, பிளக்கை மட்டும் மாத்தி ஒட்டியிருக்கான்" என்றான்.

விற்றவருக்கு வீடியோ அனுப்பினேன். அதுவரை 'சார்'. இப்போது "ப்ரோ, பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா?" இல்லை. "அப்போ ரிட்டர்ன் இல்ல ப்ரோ, நீங்க திறந்து பார்த்திருக்கீங்க." ஆறு மாத வாரண்டி? "அது மேனுஃபாக்சரிங் டிஃபெக்டுக்கு மட்டும்." இது வேறென்னவாம்? அதற்குப் பதில் இல்லை. மறுநாள் என் எண்ணைத் தடுத்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கமே காணாமல் போயிற்று. இப்போது அதே படங்களோடு வேறு பெயரில் ஒரு பக்கம் உலாவுகிறது.

வங்கியில் சொன்னேன். நானே பின் போட்டு அனுப்பிய பணம் என்பதால் திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவானது. பில் எண்ணும் விற்பவர் முகவரியும் கேட்டார்கள், இரண்டும் என்னிடம் இல்லை. இணைய மோசடிக்கான 1930-இலும் பதிந்தேன். அங்கே சீக்கிரம் சொல்வதுதான் முக்கியம். பணம் அடுத்த கணக்குக்குக் கை மாறுவதற்குள் முடக்கப் பார்ப்பார்கள். நான் பார்சலுக்குக் காத்திருந்தும் சமாதானம் பேசியுமே பன்னிரண்டு நாளைத் தொலைத்திருந்தேன்.

வாங்க நினைக்கிறவர்கள் பணம் அனுப்புவதற்கு முன்னால் செயலியைப் பாருங்கள். கருவியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். செயலியின் பெயரைக் கேளுங்கள். பிளே ஸ்டோரிலும் ஆப் ஸ்டோரிலும் அது இருக்கிறதா, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று நீங்களே தேடுங்கள். 'கியூ.ஆர் ஸ்கேன் பண்ணா வரும்' என்றால் விட்டுவிடுங்கள். இந்த வகைக் கருவிகளில் செயலி செத்தால் கருவியும் செத்தது. ரிமோட் என்று ஒன்று தனியாகக் கிடையாது. அசல் கருவியானாலும் இதை யோசிக்க வேண்டியதுதான். செயலியை நம்பியே இருக்க வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு, பவர்டு அப் ரயில் செட்டுகளோடு கையில் பிடிக்கும் ப்ளூடூத் ரிமோட்டும் வருவது ஒரு நிம்மதி.

ஓடும் வீடியோ கேட்டால் எல்லாரும் அனுப்புவார்கள், எனக்கும் வந்தது. மெதுவாகக் கிளம்பி மெதுவாக நிற்பதையும், ஓடும்போது போனின் ப்ளூடூத்தை அணைத்தால் என்ன ஆகிறது என்பதையும் ஒரே வீடியோவில் வெட்டாமல் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் தெரிந்துவிடும். 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான மின் பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ முத்திரை கட்டாயம். அதன் கூடவே இருக்கும் சி.எம்/எல் உரிம எண்ணை, முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ் கேர் செயலியில் போட்டால் யாருடையது என்று வந்துவிடும். என் டப்பாவில் போட்டுப் பார்க்க எண்ணே இல்லை.

பையன் விடவில்லை. கடைசியில் பெங்களூரில் ஒரு சேகரிப்பாளரிடம் பழைய பவர்டு அப் ஹப்பும் (பேட்டரியும் ப்ளூடூத்தும் சேர்ந்த பெட்டி) ரயில் மோட்டாரும் இருப்பதாகத் தெரிந்து, வேறு வேலையாகப் போனபோது நேரில் போய், என் போனிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுத்தேன். பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்த எஞ்சின் அடிப்பாகத்தைக் கொஞ்சம் மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. அந்த வேலையை அப்பாவும் பேரனும் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தக் கறுப்பு டப்பாவையும், பார்சல் உறையையும், பணம் அனுப்பிய ரசீதையும், வாட்ஸாப் பேச்சின் படங்களையும் எடுத்து வைத்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. ஒரே ஆளிடம் ஏமாந்த பலர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தே புகார் கொடுக்கவும் வழி உண்டு. பெயர் இல்லாத கறுப்பு டப்பா, கியூ.ஆர் ஒட்டியது, முன்பணம், 'ஐரோப்பிய ஒரிஜினல்' என்ற பேச்சு: இந்த அடையாளங்களோடு யாராவது வாங்கியிருந்தால் பணம் அனுப்பிய தேதியை மட்டும் எனக்குத் தனிச்செய்தியில் எழுதுங்கள். அந்தச் செயலியை இன்னும் போனில் வைத்திருந்தால், எழுதுவதற்கு முன் அதை நீக்கிவிடுங்கள்.