பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவு

34 வாரக் கர்ப்பிணியான என் தங்கைக்கு நள்ளிரவில் திடீரென இரத்தப்போக்கு ஏற்பட்டதால், வீட்டுக்கு மிக அருகில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்கே அவளை அழைத்துச் சென்றோம். தாதியர் சிறிதும் தாமதிக்கவில்லை; அவளுடைய கர்ப்பகாலப் பரிசோதனைப் பதிவேடான பிங்க் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இரத்த அழுத்தம் பார்த்தனர், கையில் ஊசி குத்திச் சொட்டு ஏற்றினர், வயிற்றில் பட்டையைக் கட்டிக் குழந்தையின் இதயத்துடிப்பைத் தேடினர். அந்தத் துடிப்பு கேட்கும்வரை எனக்கு மூச்சே வரவில்லை.

குறையெல்லாம் முகப்பில்தான். முன்பணம் கட்டிய பிறகே மகப்பேறு நிபுணரை அழைக்க முடியும் என்றார் அங்கிருந்த ஊழியர். தேவைப்படும் எவருக்கும் உயிர்காக்கும் அடிப்படைச் சிகிச்சையையும் அவசர நடைமுறைகளையும் அளிக்க உரிமம் பெற்ற தனியார் மருத்துவமனைகள் எந்நேரமும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று, 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டத்தின் 38ஆவது பிரிவு கூறுகிறது. இதை நான் எடுத்துச் சொன்னதும் மேற்பார்வையாளர் வந்தார், நிபுணரும் அழைக்கப்பட்டார். (சட்ட எண் 586 என்று சொன்னதுதான் வேலை செய்தது என்பது என் ஊகம்.)

இரத்தப்போக்கு அடங்கிய பின்னரே, குறைமாதக் குழந்தைக்கான வசதியைக் கருதி, அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸில் ஒரு தாதியும் கடிதத்துடன் உடன் வந்தார். தாதியருக்கு முழு மதிப்பெண்; முகப்புக்குப் பாதிகூடக் கொடுக்க மனம் வரவில்லை.