பழைய கம்மின்ஸ் 1613: லட்சக்கணக்கில் ஓடிய லாரியை வாங்கலாமா?

பெங்களூரில் கலாசிபாளையம், யஷ்வந்த்பூர் பக்கம் ‘மீட்டர் ஒரிஜினல் சார்’ என்று விலைக்கு நிற்கிற கம்மின்ஸ் இன்ஜின் போட்ட டாடா 1613 லாரியில் நம்பக் கூடாத முதல் பொருள் அந்த மீட்டர்தான். பிஎஸ்-3 (பழைய புகை விதி) புது வண்டி விற்பனை 2017 மார்ச் 31-ஓடு முடிந்தது. இத்தனை வருஷம் லோடு அடித்த வண்டி இரண்டரை லட்சம் கிலோமீட்டர் காட்டினால் மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டியிருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு லட்சம் ஓடியிருந்தாலும் வாங்கத் தகுந்த வண்டிதான் இது, சேஸிஸ் (அடிச்சட்டம்) நேராக இருந்தால்.

இன்ஜின் ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர். மெக்கானிக்கல் பம்ப், புகையைச் சுத்தம் பண்ண யூரியா ஊற்றுகிற வேலை இல்லை, சாமான் ஜே.சி. ரோட்டிலேயே கிடைக்கும். ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள்: இதில் லைனர் (பிஸ்டன் ஓடும், மாற்றக்கூடிய உள்குழாய்) கிடையாது. பிஸ்டன் நேராக பிளாக்கிலேயே ஓடுகிறது. தேய்ந்தால் போர் அடித்து (பிஸ்டன் ஓடும் துளையைக் கடைந்து பெரிதாக்கி) 0.5 மி.மீ. பெரிய பிஸ்டன், அடுத்த தடவை 1 மி.மீ.; அதற்கு மேல் ஸ்லீவ் (லைனர் மாதிரிக் குழாய்) இறக்குவதுதான் வழி. ‘லைனர் புதுசு’ என்று பெருமையாகச் சொன்னால், ஒன்று பிளாக் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது, இல்லை சொல்பவருக்கு இன்ஜின் தெரியவில்லை. இப்போது எந்த சைஸ் பிஸ்டன் ஓடுகிறது என்று கேட்டு, போர் வேலை பில்லைப் பாருங்கள்.

காலையில் சொல்லாமல் போய் முதலில் பிளாக்கில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வாருங்கள். சில்லென்று இருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது, அல்லது ஹெட்டில் விரிசல். பிறகு மூடியைப் போட்டு அரை மணி ஓட்டி, ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தி அதே வாயில் கவிழ்த்து வையுங்கள். லேசாக ஆவி வருவது சகஜம். மூடி துள்ளிக் கீழே விழுந்தால் இன்ஜின் காற்று அடிக்கிறது, ரிங்கும் போரும் போச்சு. டேஷ்போர்டு முள்ளை விட்டுவிட்டு மெக்கானிக்கைத் தனி கேஜ் மாட்டச் சொல்லுங்கள்: சூட்டில் ஐடிலில் 10 பிஎஸ்ஐக்கும், ஓட்டத்தில் 30-க்கும் ஆயில் பிரஷர் இறங்கக் கூடாது. ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பயப்பட வேண்டாம், நாசில், ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ் என்று சின்னச் செலவில் போகலாம்.

இன்ஜினைக் காசு கொடுத்துச் சரிபண்ணலாம். முறிந்த சேஸிஸ் அப்படியில்லை. எம்-சாண்ட், ஜல்லி அடித்த டிப்பரை பாடி மாற்றி பார்சல் வண்டியாக விற்பது இங்கே வாடிக்கை. கீழே படுத்து டார்ச் அடியுங்கள்: டிப்பர் தொட்டியைத் தூக்கும் ஜாக்கி உட்கார்ந்த இடத்தில் போல்ட் துளைகள், கியர்பாக்ஸ் பக்கவாட்டில் பி.டி.ஓ. (ஜாக்கிக்குச் சக்தி எடுக்கும் இணைப்பு) இருந்த இடத்தை மூடிய பிளேட், ஸ்பிரிங் பட்டை பிராக்கெட் ஓரத்தில் வெல்டிங் தழும்பு, ரிவெட் இருந்த இடத்தில் போல்ட். வெல்டிங்கின் மேல் மட்டும் புதுப் பெயிண்ட் மினுங்கினால் விலை பேசவே வேண்டாம்.

முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஒருவர் பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி) தேய்ந்திருக்கிறது. கிரவுன் (பின் அச்சின் பல்சக்கரம்) ஆயிலைக் கொஞ்சம் இறக்கி விரலில் தேயுங்கள். மினுமினுப்பு சகஜம், சில்லு வேறு. சில்லு தட்டினால் கிரவுன்-பினியன் செலவை விலையில் கழியுங்கள். டயர் ரீட்ரெடா என்பதெல்லாம் பேரம் பேசத்தான்.

எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) வருஷா வருஷம். புது எஃப்.சி. எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் இருந்தால் கடன் தீர்ந்ததைக் காட்டும் ஃபார்ம் 35-ம் ஃபைனான்ஸ்காரரின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லாச் சான்று) கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். ஓசூரில் மலிவு என்று டி.என். (தமிழ்நாட்டுப் பதிவு) வண்டி பிடித்தால், அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் ஃபார்ம் 28 என்.ஓ.சி.யோடு கர்நாடக வரியும் சேரும். டெல்லி லோடு எண்ணமிருந்தால் பிஎஸ்-3 வேண்டவே வேண்டாம். வெளிமாநில பிஎஸ்-3 சரக்கு வண்டிக்கு 2025 நவம்பர் 1 முதல் அங்கே தடை. சேஸிஸ் நம்பரைப் படித்துப் பார்ப்பதோடு விடாமல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். அடித்துத் திருத்திய எழுத்து தாளில் தனியாகத் தெரியும்.