மேடை எங்கே, கெர்மிட்?

2015 செப்டம்பர் 22 அன்று ஏபிசி சேனலில் 'தி மப்பெட்ஸ்' என்ற பொம்மலாட்ட நகைச்சுவைத் தொடர் தொடங்கியபோது அமெரிக்காவில் ஏறக்குறைய 90 லட்சம் பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். 2016 மார்ச் 1-ஆம் தேதி 16-வது எபிசோடோடு கடையைக் கட்டிவிட்டார்கள். அந்த மே மாதமே ரத்து அறிவிப்பும் வந்துவிட்டது. ஒரே சீசன். ஏன் ஓடவில்லை என்று கேட்டால் இன்றைக்கும் பலர் சொல்லும் பதில், "குழந்தைகளுக்கான பொம்மைகளை வைத்துக்கொண்டு பெரியவர்களுக்கான ஜோக் அடித்தார்கள்" என்பதுதான். தொடரைப் பார்க்காமலேயே சொல்லிவிடக்கூடிய பதில் அது.

மப்பெட்டுகள் குழந்தைகளுக்காகப் பிறந்தவை அல்ல. மப்பெட்டுகளை உருவாக்கிய ஜிம் ஹென்சன் 1955-ல் தன் அம்மாவின் பழைய கோட்டுத் துணியையும், இரண்டாக வெட்டிய பிங்பாங் பந்தையும் வைத்துக் கெர்மிட் என்ற தவளைப் பொம்மையைச் செய்தது வாஷிங்டன் உள்ளூர் டிவியில் வந்த ஐந்து நிமிட நகைச்சுவை நிகழ்ச்சிக்காக. 1975-ல் இதே ஏபிசிக்கு அவர் எடுத்துக் கொடுத்த முன்னோட்ட நிகழ்ச்சியின் பெயரிலேயே 'செக்ஸ் அண்ட் வயலென்ஸ்' இருந்தது. ஆகவே 2015 தொடரில் பெக்கி என்ற மனிதப் பெண்ணை ஃபோஸி கரடி காதலிப்பதும், அவள் அப்பா கரடி மாப்பிள்ளையைப் பார்த்து முகம் சுளிப்பதும், "கரடிகளைப் பற்றி இப்படிப் பொதுப்படையாகப் பேசலாமா" என்று ஃபோஸி மனம் நோவதும் மரபுக்கு விரோதமில்லை. முதல் எபிசோடில் நன்றாகச் சிரிக்க வைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. இந்தத் தொடரில் மேடை இல்லை.

1976 முதல் 1981 வரை 120 எபிசோட் ஓடிய 'தி மப்பெட் ஷோ' எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்று பார்த்தால் இது புரியும். ஒரு பழைய நாடகக் கொட்டகை. திரைக்குப் பின்னால் ஒரு சிக்கல் முளைக்கும்: ஒருவன் வரவில்லை, ஒருத்தி கோபித்துக்கொண்டாள், பெட்டியிலிருந்து ஏதோ தப்பித்துவிட்டது. அடுத்த இரண்டாவது நிமிடத்தில் அந்தச் சிக்கல் மேடைக்கு வந்து, நடந்துகொண்டிருக்கும் பாட்டைக் கெடுக்கும். கெட்டுப்போன பாட்டை மாடத்திலிருந்து ஸ்டாட்லர், வால்டார்ஃப் என்ற இரண்டு கிழவர்கள் கிழிப்பார்கள். கெர்மிட் மூச்சிரைக்க ஓடிவந்து அடுத்த ஐட்டத்தை அறிவிப்பான். நம்மூர்க் கூத்தில் கட்டியங்காரன் செய்யும் அதே வேலை: கதைக்கு உள்ளேயும் இருப்பான், வெளியே நம்மோடும் பேசுவான். அரை மணி நேரத்துக்குள் இந்தச் சக்கரம் ஐந்தாறு தடவை சுற்றும்.

2015 தொடரில் கெர்மிட், 'அப் லேட் வித் மிஸ் பிக்கி' என்ற இரவுநேரப் பேட்டி நிகழ்ச்சியின் தயாரிப்பாளர். அவனுடைய காதலியாக இருந்த பன்றி மிஸ் பிக்கி அதை நடத்துகிறாள், இருவரும் பிரிந்துவிட்டார்கள். கோன்ஸோ, ரிஸ்ஸோ, பெப்பே மூவரும் எழுத்தாளர்கள். விருந்தினர்களைப் பிடிப்பது ஸ்கூட்டர், தணிக்கை சாம் கழுகு, உடைகளுக்கு அங்கிள் டெட்லி, வாசிப்பது எலெக்ட்ரிக் மேஹெம் இசைக்குழு. வேலைப் பங்கீடு பிரமாதம், யார் செய்திருந்தாலும் இப்படித்தான் செய்திருப்பார்கள். ஆனால் அந்த 'அப் லேட்' நிகழ்ச்சியை நமக்குக் காட்டவே மாட்டார்கள். சோபாவில் விருந்தினர் உட்காருவார், பிக்கி இரண்டு வரி பேசுவாள், வெட்டு. மறுபடியும் ஆபீஸ். காலை மீட்டிங், நடைபாதைப் பேச்சு, அப்புறம் கேமராவைப் பார்த்து ஒருவர் புலம்பல். பின்னணியில் முளைத்த சிக்கல் எந்த மேடையையும் போய்ச் சேருவதில்லை. பேட்டியில் பேசித் தீர்ந்துவிடுகிறது.

இதில் அதிகம் அடிபட்டவன் ஃபோஸி. அவன் ஜோக் மோசமாக இருக்க வேண்டும் என்பதுதான் அவன் பாத்திரமே. மோசமான ஜோக் சிரிப்பாவதற்கு மூன்று பேர் தேவை: சொல்பவன், கூச்சலிடும் கூட்டம், அதைப் பார்க்கும் நாம். பழைய நிகழ்ச்சியில் சிரிப்பொலியும் கைத்தட்டலும் சேர்த்திருந்தார்கள். மாடத்துக் கிழவர்கள் வேறு. புதியதில் சிரிப்பொலி கிடையாது. நிகழ்ச்சிக்கு முன் கூட்டத்தைச் சூடேற்றும் வேலைதான் ஃபோஸிக்கு, ஆனால் அந்தக் கூட்டத்தைப் பெரும்பாலும் நாம் பார்ப்பதில்லை. விளைவு, ஜோக் சொன்னபின் ஒரு அமைதி. அந்த அமைதியில் ஃபோஸி பரிதாபமாகத் தெரிகிறான். ஸ்டாட்லரும் வால்டார்ஃபும் இங்கே பிக்கி நிகழ்ச்சியின் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நிகழ்ச்சியே இல்லாதபோது அவர்கள் எதைக் கிழிப்பது?

இனி கேமரா. ஆவணப்பட பாணியில் கேமராவைக் கையில் பிடித்து, திடீர் திடீரென்று ஜூம் செய்து, நடுநடுவே தனிப்பேட்டி வைத்து எடுத்திருக்கிறார்கள். மனித நடிகர்களை வைத்து இந்தப் பாணியில் வந்த ஆபீஸ் காமெடிகள் ஓடியதற்குக் காரணம் கண். ஒருவர் அபத்தமாக ஏதோ சொல்வார். பக்கத்தில் இருப்பவர் தலையை அசைக்காமல் விழியை மட்டும் கேமரா பக்கம் ஓட்டுவார். அரை நொடிதான், சிரிப்பு வந்துவிடும். கெர்மிட்டால் அது முடியாது. அவன் விழி ஒட்டப்பட்டது. கேமராவைப் பார்க்க வேண்டுமானால் முழுத் தலையும் திரும்ப வேண்டும். அரை நொடி ஓரப்பார்வை ஒன்றரை நொடி அறிவிப்பாக மாறிவிடும்.

கெர்மிட்டுக்கு இருப்பது வேறொரு ஆயுதம். அவன் தலைக்குள் கெட்டியான ஓடு எதுவும் கிடையாது. துணி, அதற்குள் ஒரு கை. நான்கு விரல் மேல்வாயில், கட்டைவிரல் கீழ்வாயில். விரல்களை உள்ளே மடக்கினால் முகமே சுருங்கி, வாய் கோணி, எலுமிச்சம்பழத்தைக் கடித்தவன் போல ஆகிவிடுவான். பெரும்பாலான பொம்மைகளால் இதைச் செய்ய முடியாது. முதல் சில எபிசோடுகளின் தனிப்பேட்டிகளில், கெர்மிட்டை ஆட்டிய ஸ்டீவ் விட்மைர் இந்தச் சுருக்கத்தை எந்த இடத்தில் வைக்கிறார் என்று கவனியுங்கள்: பேசி முடித்த பிறகு, ஒரு மூச்சு விட்டு. வசனம் எழுதியவர்களைவிடக் கை நன்றாக எழுதியிருக்கும். ஆனால் ஒரே சுருக்கத்தை எபிசோடுக்கு எத்தனை தடவை காட்டுவது? ஐந்தாவது எபிசோடுக்குள் அது பழகிவிடுகிறது.

கேமரா கையில் இருப்பதால் வரும் இன்னொரு தொல்லை கீழ்ச் சட்டகம். பொம்மலாட்டக்காரர் கேமராவைப் பார்த்து ஆட்டுவதில்லை. கீழே இருக்கும் மானிட்டரைப் பார்த்து ஆட்டுகிறார். சட்டகத்தின் அடிக்கோடு எங்கே என்று தெரிந்தால்தான் தன் தலை தெரியாமல் பொம்மையை எவ்வளவு உயர்த்தலாம் என்ற கணக்கு வரும். கேமரா நிலையாக நின்றால் கணக்கு ஒரு தடவை போட்டால் போதும். அது அலைந்துகொண்டே இருந்தால் ஒவ்வொரு நொடியும் போட வேண்டும். ஜூம் வந்தால் இன்னும் சிரமம்: தூரக் காட்சியில் கண்ணுக்கே தெரியாத மணிக்கட்டுச் சாய்வு, நெருக்கத்தில் பார்வையையே தப்பாக்கிவிடும். கை இயல்பாக ஓய்ந்தால் பொம்மை முகம் மேலே நிமிர்ந்து கூரையைப் பார்க்கும். தொழில் தெரிந்தவர்கள் மணிக்கட்டை முன்னால் மடக்கிப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். தலைக்கு மேல் தூக்கிய கையில் இதை ஒரு நீண்ட டேக் முழுக்கச் செய்து பார்த்தால் தெரியும்.

இந்தக் குழு அதைச் செய்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். எரிக் ஜேக்கப்சன் பிக்கி, ஃபோஸி, சாம் கழுகு, அனிமல் என்று நான்கு பேரைத் தூக்கியிருக்கிறார். குரலை விடுங்கள், நான்குக்கும் கழுத்து அசைவே வேறு வேறு. வாயசைப்பில் அரைகுறைகள் செய்யும் தவறு, மேல்வாயைத் தூக்கித் தூக்கித் திறப்பது. அப்போது தலை பின்னால் துள்ளும், பார்வை போய்விடும். இங்கே ஒருவரும் அந்தத் தப்பைச் செய்யவில்லை. தலை நிற்கிறது, கட்டைவிரல்தான் இறங்குகிறது. கைவேலையில் இந்தத் தொடரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அலைகிற கேமராவைச் சமாளிக்க அவர்கள் கண்டுபிடித்த வழிதான் தொடரை மந்தமாக்கியது: எல்லோரையும் எதன் பின்னாலாவது உட்கார வைப்பது. மேஜை, கவுன்ட்டர், சோபா முதுகு, ரோல்ஃப் என்ற நாயின் மதுக்கடை பார். ஒரு காலத்தில் பீரங்கியில் சுடப்பட்டுப் பறந்த கோன்ஸோ இங்கே லேப்டாப் முன் உட்கார்ந்து டேட்டிங் பற்றிப் பேசுகிறான். பொம்மை உட்கார்ந்து பேசினால், அது உட்கார்ந்து பேசும் ஒரு மோசமான நடிகர், அவ்வளவுதான். பொம்மையால் மட்டும் முடிகிற காரியம் வெடிப்பது, பறப்பது, தட்டையாவது, தன்னைவிடப் பெரியதை விழுங்குவது.

எழுத்தில் ஒரு பெரிய பிசகு கெர்மிட்டின் குணம். பழைய கெர்மிட்டுக்கும் தலைவலி உண்டு, கத்துவான், கைகளை ஆட்டிக்கொண்டு ஓடுவான். ஆனால் அந்த நிகழ்ச்சி நடக்க வேண்டும் என்று அவன் மனதார ஆசைப்பட்டான். புதிய கெர்மிட் தன் வாழ்க்கையை 'பேக்கன் சுற்றிய நரகம்' என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறான். வரி சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நரகமென்றால் ஏன் தினமும் வேலைக்கு வருகிறான் என்பதற்கு ஸ்கிரிப்டில் பதில் இல்லை. புதுக் காதலி டெனிஸும் ஒரு பன்றிதான், சேனலின் விளம்பரப் பிரிவில் வேலை. பிக்கியைப் போல் ஆனால் கோபமில்லாதவள் என்பதைத் தவிர அவளுக்கு ஒரு குணமும் எழுதவில்லை.

உருவாக்கியவர்களில் ஒருவரான பில் பிரேடி மப்பெட் உலகத்துக்குப் புதியவர் அல்ல. ஹென்சன் காலத்திலேயே அங்கே எழுதியவர். அதனால் இதை 'தெரியாதவர்கள் கெடுத்தது' என்று தள்ளிவிட முடியவில்லை. இன்னொருவரான பாப் குஷெல் நடுவில் விலக, கிறிஸ்டின் நியூமன் பொறுப்பேற்று, பிப்ரவரி 2016 முதல் மாறிய தொனியில் கடைசி ஆறு எபிசோடுகள் வந்தன. கசப்பு குறைந்தது, நட்பு கூடியது. பாச்சே என்று ஒரு 'இளைஞர்களைக் கவரும் ஆலோசகர்' வருகிறார். சேனல் அதிகாரிகள் தொடரை மாற்றச் சொன்னதையே தொடருக்குள் கிண்டலாக்கிய அந்த யோசனை நல்லது. ஆள்தான் ஓரிரு எபிசோடிலேயே சலித்துவிடுகிறார்.

முழுதும் பார்க்க நேரமில்லாதவர்கள் 9-வது எபிசோடில் தொடங்கலாம். அனிமலும் ராக் இசைக்கலைஞர் டேவ் குரோலும் டிரம்ஸில் மோதும் காட்சி அதில்தான். இரண்டு பேரும் வாசிக்கிறார்கள், நாம் பார்க்கிறோம், யாரும் நிறுத்திப் பேட்டி கொடுக்கவில்லை. கோன்ஸோவுக்குத் தன் பழைய சாகச ஆசை திரும்ப வருவதும் அதே எபிசோடில். அடுத்து 12: பொது இடத்தில் பிக்கியின் வால் வெளியே தெரிந்துவிடுகிறது. அவள் அதைச் சமாளிக்கும் விதத்தில், திமிருக்கு அடியில் இருக்கும் பயத்தை ஜேக்கப்சன் தலைச் சாய்விலேயே காட்டிவிடுகிறார். பிறகு 14, ராபின் என்ற குட்டித் தவளைக்காகக் கெர்மிட் சொல்லும் பொய். இரண்டாவது எபிசோடை பாடகர் ஜாஷ் குரோபனுக்காக இல்லாவிட்டாலும், டிவி தொகுப்பாளர் ஜே லெனோ வீட்டு மிட்டாய்க் கிண்ணத்தை ஃபோஸி திருடிக்கொண்டு வரும் கிளைக்கதைக்காகப் பார்க்கலாம். 4-ல் கரோக்கே இருக்கிறது: எல்லோரும் எழுந்து நின்று பாடுகிறார்கள், உடனே தொடருக்கு உயிர் வந்துவிடுகிறது, எபிசோட் முடிந்ததும் போய்விடுகிறது. 3-ஐயும் 6-ஐயும் தாராளமாகத் தாண்டலாம்.

எந்த எபிசோடைப் பார்த்தாலும் அங்கிள் டெட்லியை விடாதீர்கள். பழைய கொட்டகையில் பேயாக அலைந்தவர், இங்கே பிக்கிக்கு உடை மாட்டிவிடும் தோழர். மேட் வோகல் அவருக்குக் கொடுத்திருக்கும் நாடக நடிகர் உச்சரிப்பும், ஒரு சால்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே போடும் அலட்சியமும் இந்தத் தொடரின் சொந்தக் கண்டுபிடிப்பு. முகத்தில் அவ்வளவு விவரம் உள்ள பொம்மை நெருக்கக் காட்சியைத் தாங்கும். இந்த கேமராவுக்கென்றே பிறந்தவர் போல இருக்கிறார்.

பிறகு வந்த 'மப்பெட்ஸ் நவ்' 2020-ல் ஆறு எபிசோடு, துண்டு துண்டாக. டெட்லி பேசும் பகுதிகளைத் தவிர மனதில் நிற்காது. 2023-ல் வந்த 'தி மப்பெட்ஸ் மேஹெம்' பத்து எபிசோடு. எலெக்ட்ரிக் மேஹெம் தன் முதல் ஆல்பத்தை ஒருவழியாகப் பதிவு செய்யும் கதை. லில்லி சிங் அவர்களை மேய்க்கும் நோரா சிங்காக வருகிறார். 2015 தொடரில் கேமரா முன் புலம்பிய அதே பொம்மைகள் இதில் வாத்தியத்தைக் கையில் எடுத்து, எபிசோடுக்கு எபிசோடு எதையாவது வாசித்துத் தொலைக்கிறார்கள். அதில் பாதி சொதப்பல். குழுத் தலைவர் டாக்டர் டீத் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அனிமல் ஸ்டுடியோவில் எதையோ உடைத்திருப்பான்.