எலிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் என்ன அர்த்தம்?

பினாங்கின் பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கும் தங்கை தே தாரிக் ஆறுவதற்குள் கேட்டுவிட்டாள்: “அண்ணே, இந்த ரசாயனத்துக்கு இவ்வளவுதான் எல்லை என்கிறார்களே, முதல் எண்ணை எங்கிருந்து பிடிக்கிறார்கள்?”

பல ரசாயனங்களுக்கு எலியிடமிருந்துதான். பழைய வழி நோயல் (NOAEL): கொடுத்த அளவுகளில் பாதிப்பு தெரியாத அதிகபட்சம். 0, 10, 50, 250 மில்லிகிராம் கொடுத்து 250-இல் மட்டும் ஈரல் கெட்டது என்று வைத்துக்கொள்வோம். நோயல் 50. அதை வழக்கமாக 100-ஆல் வகுப்பார்கள்: எலிக்கும் மனிதனுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு 10, மனிதருக்குள் உள்ள வித்தியாசத்துக்கு 10. சுலபம். ஆனால் அந்த 50 எலி சொன்னதல்ல, சோதனை செய்தவர் தேர்ந்தெடுத்தது.

இன்னொரு கோளாறு எனக்கு இன்னும் உறுத்தும். நாலில் ஒரு எலியைப் பாதிக்கும் அளவை 10 எலிகளுக்குக் கொடுத்தாலும், ஒன்றுக்குமே எதுவும் ஆகாமல் போக 5 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு உண்டு. அதாவது எலியைக் குறைத்தால் நோயல் ஏறக்கூடும். அரைகுறைச் சோதனைக்குப் பரிசு!

1984-இல் கிரம்ப் என்ற புள்ளியியலாளர் முன்வைத்த பெஞ்ச்மார்க் டோஸ் இதைத் தலைகீழாக்குகிறது. எல்லாப் புள்ளிகளுக்கும் சேர்த்து ஒரு வளைவு வரைந்து, பாதிப்பு கூடுதலாக, உதாரணத்துக்கு, 10 சதவீதம் ஏறும் அளவைப் பார்ப்பார்கள். எடுத்துக்கொள்வது அந்த எண்ணையல்ல, அதன் நம்பக எல்லையின், அதாவது உண்மை எண் இருக்கக்கூடிய வீச்சின், கீழ்முனையை. தரவு குறைந்தால் கீழ்முனை இன்னும் இறங்கும். தெரியாததற்கு இங்கே அபராதம்.

மீன் தின்னும் ஊர்க்காரர்களுக்கு நெருக்கமான உதாரணம் மெத்தில் பாதரசம். ஃபாரோ தீவுகளில் தாய்மாரின் உடலில் ஏறிய பாதரசத்தையும் பிள்ளைகளின் மூளைத் திறனையும் ஒப்பிட்டார்கள். பாதரசமே படாத குழு என்று அங்கே ஒன்று கிடையாது; நோயல் தேடினால் எங்கே கிடைக்கும்? அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வளைவை வைத்துத்தான் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மைக்ரோகிராம் என்று 2001-இல் எல்லை வகுத்தது.

சரி, அப்படியானால் எப்போதும் வளைவுதானா? இல்லை. மேலே சொன்ன என் உதாரணத்தையே பாருங்கள். 50-இல் பூஜ்யம், 250-இல் பாதிப்பு. நடுவில் வளைவு எப்படி ஏறியது என்று சொல்ல ஒரு புள்ளிகூட இல்லை. மென்பொருள் கூச்சப்படாமல் கோடு போட்டுத் தரும், வளைவுக்கான கணிதச் சூத்திரத்தை மாற்றினால் எண்ணும் மாறும். அங்கே, நடுவில் இன்னோர் அளவு கொடுத்திருக்கலாமே என்று திட்டிவிட்டு, நான் நோயலைத்தான் எடுப்பேன்.